இதழும் ஏடும் மடலும்: பருவ வெளியீடுகளுக்குத் தமிழர் இட்ட பெயர்கள்



நாம் கூடியிருக்கும் இவ்வட்டாரத்தின் பெயர் ஜாலான் புசார். மலாய் மொழியில் அதற்குப் பெரிய சாலை என்பது பொருள். அப்பெயரை நாம் மொழிபெயர்ப்பதில்லை. தமிழெழுத்தில் எழுதி, தமிழ்ப் பெயர்போலவே வழங்குகிறோம். சாலையின் பெயரை அவ்வாறு எளிதில் ஏற்றுக்கொண்ட தமிழர், குறித்த காலத்தில் தொடர்ந்து வெளிவரும் அச்சு வெளியீட்டுக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் ஒரு சொல்லோடு அமைதியடையவில்லை. பத்திரிகை, இதழ், ஏடு, தாள், சஞ்சிகை, வர்த்தமானி, மாசிகை, மலர், மடல், தாளிகை என்று பெயர்கள் பெருகின. இன்றைய உரையின் பொருள் இச்சொற்களே.

பேச்சு வழக்கில் சிக்கல் ஏதுமில்லை. இங்கிருந்து சற்று நடந்து சிராங்கூன் சாலைக் கடைகளுக்குச் சென்றால், வாடிக்கையாளர் கேட்பன இரண்டே: “பேப்பர் வந்துவிட்டதா?”, “புக்கு வந்துவிட்டதா?” மடித்துத் தருவது பேப்பர், கம்பி தைத்துத் தருவது புக்கு. உருவத்தை வைத்து மக்கள் செய்துகொண்ட இப்பகுப்பு மிகத் தெளிவானது. எழுத்து வழக்குக்கு வரும்போதுதான் ஐயங்கள் எழுகின்றன.

அவை வெறும் ஏட்டளவிலான ஐயங்கள் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தியின் கட்டுரைத்தாள் நம் பார்வைக்கு வந்தது. “என் பாட்டி சஞ்சிகைகளை விரும்பி வாசிப்பார்” என்று அவள் எழுதியிருந்தாள். ‘சஞ்சிகை’ என்ற சொல்லின்கீழ்ச் சிவப்புக் கோடிட்டு, அருகில் ‘இதழ்’ என்று திருத்தியிருந்தார்கள். அவளுடைய பாட்டி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். வீட்டில் கேட்டு வளர்ந்த நல்ல தமிழ்ச் சொல்லொன்று பள்ளியில் பிழையாகிவிட்டது. கழிந்த மதிப்பெண் ஒன்றோ அரையோ இருக்கலாம். அந்தப் பிள்ளை அச்சொல்லை மறுபடியும் எழுதுவாளா என்பதே நமக்குக் கவலை.

முதலில் இதழ் என்னும் சொல்லைப் பார்ப்போம். பூவின் இதழ், வாயிதழ், கண்ணிமை ஆகிய பொருள்களைப் பழைய நூல்களைப் பயின்றோர் அறிவர். தொல்காப்பிய மரபியலில் இதற்கு வேறொரு முகம் உண்டு. புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் அந்நூல் பிரிக்கிறது. பனையும் தென்னையும் நம் கண்ணுக்கு மரங்கள், தொல்காப்பியருக்குப் புற்கள். அப்புல்லினத்தின் உறுப்புகளாக அவர் அடுக்கும் பெயர்களில் தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ் ஆகியன உள்ளன. இவ்வைந்தையும் சற்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நாளேட்டில் ஏடு இருக்கிறது. வார இதழில் இதழ் இருக்கிறது. நகர மன்றம் நம் அஞ்சல் பெட்டியில் போட்டுச்செல்லும் செய்திமடலில் மடல் இருக்கிறது. திருமணத்துக்கு ஓலை அனுப்புவதாக இன்றும் சிலர் சொல்கின்றனர். அச்சு இயந்திரம் வந்த பிறகு புதிய பொருளுக்குப் பெயர் தேடிய தமிழர், பெரும்பாலும் பனையடிக்கே மீண்டிருக்கின்றனர்.

வடமொழிவழி வந்த பத்திரிகை என்ற சொல்லும் அதே கதையைச் சொல்கிறது என்பதுதான் வியப்பு. ‘பத்திரம்’ என்பது இலை. அதிலிருந்து பிறந்தது பத்திரிகை. மலையாளிகள் நாளிதழைப் பத்திரம் என்றே வழங்குகின்றனர். தமிழில் பத்திரம் என்றால் நிலப் பத்திரம் நினைவுக்கு வரும். ஆகவே ‘பத்திரிகை’யை விலக்கி ‘இதழ்’ என்று எழுதுவோர், பொருளளவில் இலையை விட்டு இலையைத்தான் பற்றியிருக்கின்றனர். இதைச் சொல்வது தனித்தமிழ் முயற்சியைக் குறைத்துப் பேசுவதற்காக அன்று. மறைமலையடிகள் 1902இல் தொடங்கிய தம் இதழுக்கு ஞானசாகரம் என்று பெயரிட்டு, பின்னர் அதனையே அறிவுக்கடல் என்று மாற்றினார். பெயர் மாற்றத்தைத் தம் இதழிலேயே செய்துகாட்டிய உறுதி அது. அவ்வழி வந்தோர் செய்தித்தாளைத் தாளிகை என்றும் எழுதிப் பார்த்தனர்; அச்சொல் அவர்கள் வட்டத்தைத் தாண்டிப் பரவவில்லை. ‘இதழ்’ வென்றது. பல்கலைக்கழகங்களில் அதற்கென ‘இதழியல்’ என்ற துறையே அமைந்தது.

வென்றது என்றாலும் பத்திரிகை மறையவில்லை. ஒருபொருட் சொற்கள் இரண்டு ஒரு மொழியில் நெடுநாள் நிலைத்தால் அவை வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். திருமணத்துக்கு அச்சிடுவது பேச்சில் கல்யாணப் பத்திரிகை. எழுத்தில் திருமண அழைப்பிதழ். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படுவது குற்றப்பத்திரிகை. அதைக் குற்ற இதழ் என்று எவரும் சொல்லார். தொழிலைக் குறிக்கும்போது பத்திரிகையாளர் என்பதே பெருவழக்கு; இதழாளர் என்பதற்குச் சற்று விறைப்பு உண்டு. மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: சொல் பத்திரிகை, பத்திரிக்கை அன்று. ககர ஒற்று மிகுந்த வடிவம் விளம்பரப் பலகைகளில் மலிந்துவிட்டது.

இலங்கையில் இப்பங்கீடு வேறுவிதமாக நடந்தது. அங்கே பத்திரிகை என்றால் செய்தித்தாள் மட்டுமே: 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1932இல் தொடங்கிய தினகரன் போன்றவை. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகை பத்திரிகை ஆகாது, அது சஞ்சிகை. மாதந்தோறும் வருவதற்கு மாசிகை என்ற சொல்லும் அங்கு வழங்கியது. தமிழ்நாட்டிலோ ஆனந்த விகடனும் பத்திரிகை, தினமணியும் பத்திரிகை. அதாவது, ஆங்கிலேயர் இரண்டு சொற்களால் வேறுபடுத்தும் இரு பொருள்களை ஈழத்தமிழர் தமிழிலேயே வேறுபடுத்தி வைத்திருக்கின்றனர். தமிழகத்தார் அவ்வேறுபாட்டைச் சொல்லில் காட்டாது சூழலுக்கு விட்டுவிட்டனர். எது செப்பம் என்று கேட்டால், ஈழ வழக்குக்கே நம் வாக்கு. சிவப்புக் கோடு விழுந்த அந்த மாணவியின் சொல், திருத்தப்பட்ட சொல்லைக் காட்டிலும் கூர்மையானது. சிங்கப்பூர்த் தமிழர் இருவகை மரபுகளிலிருந்தும் வந்தவர்கள். ஒன்றைப் பிழையென்று தள்ளும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

இவ்வேறுபாட்டை அறியாதிருந்தால் வரலாறும் பிறழும். சிங்கப்பூரின் முதல் தமிழ் இதழாகக் குறிக்கப்படுவது 1875ஆம் ஆண்டின் சிங்கை வர்த்தமானி. இன்றைய இலங்கையில் வர்த்தமானி என்றால் அரசாங்கம் சட்டங்களையும் நியமனங்களையும் அறிவிக்கும் வெளியீடு. அவசரமானால் அதிவிசேட வர்த்தமானி. தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் அரசிதழ். இலங்கை வழக்கு மட்டும் தெரிந்த ஒருவர் சிங்கை வர்த்தமானி என்ற பெயரைக் கண்டால், குடியேற்ற அரசு வெளியிட்ட அறிவிக்கை என்றே கொள்வார். அது அவ்வாறன்று. வர்த்தமானம் என்பதற்கு அக்காலத் தமிழில் செய்தி என்பதே பொருள். நிகழ்காலத்தைக் குறிக்கும் வடசொல் அது. நடப்பைச் சொல்வது வர்த்தமானம், அதைத் தாங்கி வருவது வர்த்தமானி. சென்னையில் 1855இல் பெர்சிவல் பாதிரியார் தொடங்கிய இதழுக்குத் தினவர்த்தமானி என்று பெயர். அதன் பெயரில் ‘தினம்’ இருந்தாலும் அது வாரந்தோறும் வந்த இதழே. பெயரை நம்பிக் காலமுறையை எழுதிவிடலாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அன்றாடம் என்னும் பொருளில் பிறந்த ‘ஜர்னல்’ என்ற ஆங்கிலச் சொல், இன்று மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரும் ஆய்விதழ்களுக்கும் வழங்குவது இதற்கு ஒப்பு.

1887 முதல் 1890 வரை சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்களை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது சிங்கை நேசன். கோலாலம்பூரில் 1924இல் தோன்றி, 2019 பிப்ரவரியில் நின்றுபோனது தமிழ் நேசன். நேசன் என்றால் அன்பன், தோழன். சென்னையில் 1882இல் வார இதழாகத் தொடங்கி, 1899இல் நாளிதழான சுதேசமித்திரனிலுள்ள மித்திரனும் தோழனே. மலேசிய நண்பன் என்னும் நாளிதழில் அதே பொருள் நல்ல தமிழ் வடிவம் பெற்றது. நேசன், மித்திரன், நண்பன் என மூன்று சொற்கள். மூன்றுக்கும் பொருள் ஒன்று. கடல் கடந்து வந்து கூலி வேலையிலும் வாணிகத்திலும் காலங்கழித்தவர்கள் அச்சிட்ட தாளைத் தோழன் என்று விளித்ததில் பாசாங்கு எதுவுமில்லை. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்ட காலம் அது.

கோ. சாரங்கபாணி அவர்கள் 1935 ஜூலை 6ஆம் நாள் தொடங்கியதற்குத் தமிழ் முரசு என்று பெயர் வைத்தபோது, தோழமை போய் அறைகூவல் வந்தது. தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் குரலாக அது பிறந்ததை எண்ணினால் காரணம் விளங்கும். முரசு நண்பனைப்போல் அருகமர்ந்து பேசாது. தெருவுக்கே கேட்குமாறு அறையும். இன்று இந்நாட்டின் நான்கு மொழிகளிலும் வரும் முதன்மை நாளிதழ்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் என்பதில் காலம் இருக்கிறது. பெரித்தா ஹரியான் என்றால் அன்றாடச் செய்தி. லியான்ஹே ஸாவ்பாவ் என்பதில் காலைத்தாள் இருக்கிறது. தமிழ் முரசு என்ற பெயரில் நாளும் இல்லை, தாளும் இல்லை, செய்தியும் இல்லை. வார இதழாகத் தொடங்கி நாளிதழாக வளர்ந்தபோது அதன் பெயரை மாற்ற நேராததற்கு இதுவும் ஒரு வசதி. மாணவர்க்கென அது 1950களில் நடத்திய மாணவர் மணிமன்றம், இந்நாட்டின் எழுத்தாளர் பலருக்கு முதல் களமாயிற்று. அதுவும் ‘பகுதி’ என்றோ ‘இணைப்பு’ என்றோ பெயர் பெறவில்லை. ஆட்கள் கூடும் ‘மன்றம்’ என்றே பெயர் பெற்றது.

காலமுறையைக் குறிக்கும் சொற்களுக்கு வருவோம். நாளிதழ், வார இதழ், மாத இதழ், காலாண்டிதழ், ஆண்டிதழ் என்பவற்றில் குழப்பமில்லை. ஆயினும் நாளிதழ் ஒரே சொல்லாகச் சேர்ந்திருக்க, வார இதழும் மாத இதழும் ஏன் பிரிந்தே நிற்கின்றன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நாள் என்பது மெய்யில் முடிகிறது; அடுத்து வரும் உயிர் அதன்மேல் எளிதில் ஏறிக்கொள்கிறது. வாரம், மாதம் ஆகியவை மகரம் கெட்டு உயிரில் முடிவதால், இடையில் வகர உடம்படுமெய் வேண்டும். இலக்கணப்படி எழுதினால் வாரவிதழ், மாதவிதழ் என்றாகும். மாதவிதழ் என்பதைக் கண்டவுடன் கோவலன் நினைவுக்கு வந்துவிடுவான். எழுதுவோர் பிரித்தே எழுதியது நன்று.

‘திங்களிதழ்’ என்பதில்தான் உண்மையான இடர். திங்கள் என்பது மாதம். திங்கள் என்பது ஒரு கிழமையும் ஆகும். மாதமொருமுறை வருவதா, திங்கட்கிழமைதோறும் வருவதா? அட்டையைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். கிழமை என்பதும் அவ்வாறே. யாழ்ப்பாணத்தார் ஒரு வாரத்தை ஒரு கிழமை என்பர். அவர்களுக்குக் கிழமை இதழ் எளிதில் விளங்கும். நம்மவருக்கோ அது எந்தக் கிழமை என்ற கேள்வியை எழுப்பும். மற்றோரிடத்தில் தமிழ் ஆங்கிலத்தை விஞ்சுகிறது. ஆங்கிலத்தில் ‘பைவீக்லி’ என்றால் வாரத்தில் இருமுறையா, இரு வாரங்களுக்கு ஒருமுறையா என்று அகராதிகளே தயங்கும். தமிழில் முன்னது வாரமிருமுறை. பின்னது இருவார இதழ். மாதமிருமுறை என்பது மூன்றாவது. ஆண்டுக்கு 24 முறை வருவது மாதமிருமுறை. 26 முறை வருவது இருவார இதழ். சந்தா கட்டுவோர் கவனிக்க. (சந்தாவும் பாரசீகத்திலிருந்து வந்த சொல்தான், அதை எவரும் குறை சொல்வதாகத் தெரியவில்லை.)

ஆய்வு மாணவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்றுண்டு. தொகுதி, இதழ் என்று நாம் இன்று எண்ணிடுவதை, முந்தைய தலைமுறை இதழ்கள் தத்தம் பெயருக்கு இயையப் புனைந்து வழங்கின. தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1925 முதல் வெளியிட்ட இதழ் தமிழ்ப் பொழில். பொழில் என்றால் சோலை. எனவே அதன் ஆண்டுத் தொகுதிக்குத் துணர் என்று பெயர், அதாவது பூங்கொத்து. மாதந்தோறும் வரும் ஒவ்வோர் இதழும் மலர். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1923இல் தொடங்கிய செந்தமிழ்ச் செல்வியில் தொகுதி என்பது சிலம்பு; அதனுள் இருக்கும் இதழ் பரல். செல்வி ஆயிற்றே, காலில் சிலம்பு வேண்டுமன்றோ! இதை அறியாத மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில், துணர் என்பதைக் கட்டுரையாசிரியரின் பெயரெனக் கொண்டு எழுதியதை நாம் கண்டதுண்டு. நகைப்பதற்குரியதன்று, அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. மேற்கோள் காட்டும்போது துணர், மலர், சிலம்பு, பரல் என்ற அப்பெயர்களை மாற்றாமல் அப்படியே எழுதுக. தொகுதி, இதழ் என்று மாற்றினால், நூலகத்தில் அதைத் தேடிச் செல்பவர் அட்டையில் காணும் சொல்லோடு உங்கள் குறிப்பு பொருந்தாது.

மலர் என்பது தமிழ்ப் பொழிலில் மாத இதழ். பிற இடங்களில் அதற்கு வேறு பொருள். தீபாவளி மலர், ஆண்டு மலர், நினைவு மலர் என்பன வழக்கமான எண் வரிசைக்கு வெளியே நிற்பவை. எண் வரிசைக்குள் நின்று ஒரு பொருளையோ ஒருவரையோ சிறப்பிப்பது சிறப்பிதழ். பள்ளிகளில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறோம். பிரித்து எழுதினால் நலம். செய்தித்தாளுடன் ஞாயிறுதோறும் வருவதை வாரமலர் என்று சொல்லும் வழக்கமும் உண்டு. நெகிழ்ந்த சொல் அது, அவ்வளவில் விட்டுவிடலாம்.

இதழும் ஏடும் ஒருபொருட் சொற்கள் என்று முன்னர்க் கண்டோம். அவற்றின்முன் ‘சிறு’ என்ற அடையைச் சேர்த்தால் இரண்டும் பிரிந்துவிடும். சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய எழுத்து ஒரு சிற்றிதழ். மருத்துவமனை வரவேற்பறையில் இலவசமாக வைத்திருப்பது சிற்றேடு. முன்னதில் சிறுமை என்பது பக்க அளவைக் குறிக்கவில்லை. வாசகர் தொகையையும், சந்தைக்கு விட்டுக்கொடாத நோக்கையும் குறிக்கிறது. பதிவேடு, கையேடு, குறிப்பேடு என்று ஏடு பள்ளிக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் நுழைந்தது. இதழ் அங்கெல்லாம் செல்லவில்லை. இப்பிரிவை எந்தக் குழுவும் கூடித் தீர்மானிக்கவில்லை. வழக்கு தானே செய்துகொண்டது. கலைச்சொல் ஆக்குவோர் இதைக் கண்டு சற்றே பொறுமை கொள்ளலாம்.

இந்த அவையில் ஆசிரியர்கள் மிகுதி என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்திரிகையை நடத்துபவருக்கு முற்காலப் பெயர் பத்திராதிபர். பத்திரத்துக்கு அதிபர், அதாவது தலைவர். இன்று அவரும் ஆசிரியர். வகுப்பில் கற்பிப்பவரும் ஆசிரியர், நூலை இயற்றியவரும் ஆசிரியர், இதழைத் திருத்தி வெளியிடுபவரும் ஆசிரியர். மூன்று தொழில்களுக்கு ஒரு பெயர் வழங்குவது மொழிபெயர்ப்பாளருக்குத் தலைவலி. ஆனால் சாரங்கபாணி போன்றோரைப் பற்றிப் பேசும்போது அந்த இடர்ப்பாடு தோன்றுவதில்லை. அவரை எந்தப் பொருளில் ஆசிரியர் என்று சொன்னாலும் பொருந்துகிறது.

இப்போது தாள் குறைந்துவருகிறது. மின்னிதழ், இணைய இதழ் என்ற சொற்கள் நிலைபெற்றுவிட்டன. செய்தித்தாள் என்ற சொல் தாளை உள்ளடக்கியிருப்பதால், திரையில் படிக்கும் இளையருக்கு அது பொருந்தாமல் போகலாம். இதழுக்கு அத்தகைய அச்சமில்லை. அது பனையோலையிலிருந்து தாளுக்கு ஒருமுறை இடம் மாறிப் பழகிய சொல். நாளிதழில் உள்ள ‘நாள்’தான் தடுமாறுகிறது. மணிக்கு மணி புதுப்பிக்கப்படும் வெளியீடு எந்த நாளின் இதழ்? அதற்கான சொல் இன்னும் பிறக்கவில்லை. அது எந்தக் குழுவிலும் பிறக்கப்போவதில்லை என்றும், இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்களின் பேச்சிலேயே பிறக்கும் என்றும் நம்புகிறோம்.

அதற்கு முன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் பழைய தமிழ் முரசைப் புரட்டிப் பார்க்கலாம். வேறு பல சிங்கப்பூர், மலாயா இதழ்களுக்கு அந்நிலை வாய்க்கவில்லை. பல வீட்டுப் பரண்களில் ஓரிரு இதழ்களாகக் கிடக்கின்றன. வீடு மாற்றும்போது பழைய தாளோடு தாளாகப் போகின்றன. தாத்தா பாட்டியிடம் சென்று “பழைய இதழ்கள் இருக்கின்றனவா?” என்று கேட்டால், இல்லை என்ற விடை வரக்கூடும். அவர்களுக்கு அது பத்திரிகை, அல்லது சஞ்சிகை, அல்லது மலர், அல்லது வெறும் புக்கு. நூலகப் பட்டியலில் தேடும்போதும் இதே நிலைதான்: இதழ் என்று தட்டினால் வருவது ஒரு தொகை, சஞ்சிகை என்று தட்டினால் வருவது வேறொரு தொகை. ஆகவே இன்று பேசிய எல்லாச் சொற்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கிடைத்ததன் முதற்பக்கத்தில் ஆண்டு, தொகுதி, விலை, அச்சகத்தின் பெயர் ஆகியவை இருக்கும். அவற்றை அதில் உள்ளவாறே குறித்து ஆசிரியரிடம் கொடுங்கள்.